சிவப்பு ஹெல்மெட்

ஜூன் 4

தம்பிக்கு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் மட்டும் எடுக்கிறாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டு உன்னை ஏமாற்ற எனக்கு மனமில்லை, அதனால் எழுதுகிறேன். நீ சாலை போட்டுக்கொண்டிருக்கும் அந்த மலைக்கு இது எப்போது வந்து சேருமோ தெரியாது.

செய்தி உன் காதுக்கு எட்டியிருக்கும். போன வாரம் நம் சைட்டில் அடித்தளப் பள்ளத்தின் வடக்குச் சுவர் சரிந்துவிட்டது. இரண்டு நாள் விடாத மழை. சுவருக்குப் பின்னால் இருந்த சாலையும் சேர்ந்து உள்ளே வந்து விழுந்தது. காலைச் சாப்பாட்டு நேரம் என்பதால் கீழே ஆள் குறைவு. ஒருவர் மட்டும் வெளியே வரவில்லை. பலகை அடிக்கும் தச்சர், பாட்டுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுவோமே, அவர்தான். மண்ணை அள்ளி அவரை எடுக்கும்வரை நான் அங்கேயே நின்றேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். சுவர் ஏன் விழுந்தது என்பதில் பெரிய புதிர் இல்லை. பின்பக்கத்து மண் தண்ணீரோடு கரைந்து ஓடியிருக்கிறது, சாலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. அது நம் சர்வேயருக்குத் தெரிந்திருக்கிறது. லெவல் என்று நீங்களெல்லாம் பெயர் வைத்தீர்களே, அந்த மனிதர் வாரக்கணக்கில் கருவியில் கண்ணை வைத்துச் சாலை இறங்குவதைப் பார்த்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும் எனக்கு எதிரே உட்கார்ந்து, "எல்லாம் நல்லாப் போகுது மேடம்" என்றார்.

மறைத்தது அவர் குற்றமா, கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் குற்றமா என்பதுதான் குழுவின் முன்னால் இருக்கும் கேள்வி. யார் தலையில் விழுகிறதோ அவர் பதிவு ரத்தாகும், அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் அவருக்கு இடமில்லை. நீ அங்கே வேலை பார்த்தவன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாரும் எதையும் பேசலாம், நானே பேசினேன் என்று வந்து சொல். உண்மையைத்தானே கேட்கிறேன்?

அக்கா


ஜூன் 15

மதிப்பிற்குரிய திட்ட மேலாளர் மேடம் அவர்களுக்கு,

சைட்டில் உங்களை அக்கா என்று கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். இது சைட் விஷயம் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

பாட்டுக்காரர் செய்தியை இங்கே ஒரு லாரி டிரைவர் சொன்னார். ஒரே பாட்டின் முதல் வரியை நாள் முழுக்கப் பாடுவார் அந்த மனிதர். இரண்டாவது வரி என்னவென்று ஒருமுறை கேட்டேன். தெரிஞ்சா பாட மாட்டேனா என்றார். செய்தி கேட்ட அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

ஆமாம், கூட்டத்தில் நான் வாய் திறந்தேன். பள்ளத்தில் ஒரே ஒரு பம்பு ஓடுகிறது, அது நின்றால் தண்ணீர் ஏறிவிடும், இன்னொன்று வேண்டும் என்றேன். நீங்கள் அலமாரியிலிருந்து சிவப்பு ஹெல்மெட்டை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். உங்கள் சட்டம் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். பிரச்சினையைக் கொண்டுவருகிறவர் தீர்வையும் கொண்டுவர வேண்டும், தீரும்வரை அந்த ஹெல்மெட்டோடுதான் திரிய வேண்டும். ஊரெல்லாம் மஞ்சளும் வெள்ளையும், நான் மட்டும் சிவப்பு. பம்பு வாங்க எனக்கு அதிகாரம் கிடையாது. மேடம் கையெழுத்து இருக்கா என்பார் ஸ்டோர் கீப்பர். உங்களிடம் வந்தால், புகாரோடு வராதே, தீர்வோடு வா என்பீர்கள். செக்கு மாடாகச் சுற்றினேன். சாப்பாட்டுக் கொட்டகையில் நுழைந்தால், "மாப்பிள்ளை வர்றார், வழி விடுங்கப்பா" என்று ஒரு குரல் கேட்கும். உடனே கொட்டகை முழுக்கச் சிரிக்கும். கடைசியில் வேறொரு கம்பெனியில் இருந்த நண்பனின் கையைக் காலைப் பிடித்து ஒரு பழைய பம்பை இரவல் வாங்கி வந்தேன். அப்போது நீங்கள் என்னைப் பார்வையாளர்கள் முன்னால் நிறுத்தி, என் சொந்தத் தம்பி, இவனுக்கும் சலுகை கிடையாது என்று பெருமையாகச் சொன்னீர்கள். அவர்கள் கைதட்டினார்கள். நான் ஏன் வேலையை விட்டேன் என்று அம்மாவிடம் ஆச்சரியப்பட்டீர்களாம்.

என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் லெவல் ஒருவர்தான். எனக்கு முன்னால் அதைத் தலையில் வைத்திருந்தவர் அவர். சாலையோரத்தில் அவர் நட்டிருந்த குறிக்கல்லை ஒரு லாரி இடித்துவிட்டது, இனி அளவு சரியாக வராது என்று சொன்னார், அவ்வளவுதான் அவர் செய்தது. இடித்த டிரைவர் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டு போக, இவர் சிவப்பு ஹெல்மெட்டோடு தனியாக உட்கார்ந்து கல் நட்டார். நுணலும் தன் வாயால் கெடும் சார், இனிமே நான் வாயைத் திறக்கிறதா இல்லை என்று அப்போதே என்னிடம் சொன்னார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். உங்கள் சைட்டில் தலைப்பாகையைக் கண்டுதான் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் வரவில்லை. ஆளை விடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சைட் என்ஜினியர்


ஜூன் 23

தம்பி,

மேடம் கீடம் எல்லாம் எனக்கு வேண்டாம். குத்திக்காட்டுவதற்கும் ஒரு அளவு உண்டு.

நான் முதன்முதலில் ஒரு சைட்டுக்குப் பொறுப்பேற்றபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அப்போது கூட்டம் என்றால் என்ன தெரியுமா? ஆளுக்கொரு பிரச்சினையை என் மேஜைமேல் கொட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். சிமெண்ட் வரவில்லை என்றாலும் நான், கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றாலும் நான். "பொம்பளை என்ன கிழிக்கிறான்னு பாப்போம்" என்று என் காதுபடவே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன், உங்கள் யாருக்கும் தெரியாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகுதான் ஆட்கள் தாமாக யோசித்தார்கள். அதற்குப் பிறகு நான் எடுத்த கட்டடம் எதுவும் குறித்த நாளைத் தாண்டவில்லை. நானூறு பேரை, என்னப்பா கஷ்டம் என்று தலையைத் தடவி நடத்த முடியாது. நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

நீ போன பிறகு அந்த ஹெல்மெட்டை யாரும் தொடவில்லை. தூசி படிந்து கிடந்தது. வருகிறவர்களுக்கு நான் அதைக் காட்டுவேன், பாருங்கள், இந்த சைட்டில் பிரச்சினையே இல்லை என்பேன். நீ இதைப் படித்து எகத்தாளமாகச் சிரிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சரி, சிரித்தார்கள் என்றே வைத்துக்கொள். நாலு பேர் சிரிப்பதற்குப் பயந்து ஒரு உயிரைக் காவு கொடுப்பதா? இந்தக் கேள்விக்கு லெவல் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ சொல் பார்ப்போம்.

அம்மா நன்றாக இருக்கிறாள், ஒரு குறையும் இல்லை. டிவி பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள், ரேடியோதான் கேட்கிறாள். நீ எப்போது வருவாய் என்று ஒரே பல்லவி. விசாரணை ஜூலை பத்தாம் தேதி. எனக்காக இல்லாவிட்டாலும் அவளைப் பார்க்கவாவது வா.

அக்கா


ஜூலை 2

மேடம்,

லெவலின் மனைவி எனக்குப் போன் செய்தார். லெவல் சாப்பிடுவதில்லையாம், தச்சர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு உள்ளே நுழையாமல் திரும்பி வருகிறாராம். அவருக்காக யாரும் பேச மாட்டார்களா என்று கேட்டார். அதனால் வருகிறேன். நீங்கள் கேட்டதைச் சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்ல வருகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில். ஒரு உயிர் போகும் என்று தெரிந்தா அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்? இந்த வாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அடுத்த வாரமும் இறங்கினால் சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பார். அடுத்த வாரமும் அதையே நினைத்திருப்பார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டால் சாலையை அவர் தனியாகவா தாங்கிப் பிடிக்க முடியும்? அவருக்குக் கூலியாள்கூடக் கிடையாது. வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். உங்களிடம் வரும் வழியில்தான் அந்த ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது.

தம்பி


ஜூலை 21

தம்பி,

அறிக்கை வந்துவிட்டது. என்மேல் குற்றமில்லை. லெவலின் பதிவை ரத்து செய்துவிட்டார்கள்.

என்னைக் கவிழ்க்கத்தான் வந்தாய். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அக்காவைப் பற்றி அப்படிப் பேச உனக்கு எப்படி மனம் வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. உன் வாயால்தான் நான் தப்பித்தேன், அதற்கு நன்றி. கூட்டத்தில் யாரும் பேசலாமா என்றார்கள், பேசலாம் என்றாய். பேசியதற்காக யாருக்காவது தண்டனை உண்டா என்றார்கள், இல்லை என்றாய். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? இது வெளிப்படையான நிர்வாக முறை, மற்ற சைட்டுகளும் பின்பற்றலாம் என்று அறிக்கையிலேயே எழுதிவிட்டார்கள். வருகிற வாரம் பொறியாளர் சங்கத்தில் நான் பேச வேண்டுமாம். 'பொறுப்பேற்கும் பணியிடம்' என்று தலைப்பும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள்.

நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து அம்மாவோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறாய். என் வீட்டுச் சோறு உனக்கு இறங்காதா? நீ போன பிறகும் அம்மா வாசலிலேயே நின்றாளாம். அன்றைக்குக் கதவில் இடித்துக்கொண்டு நெற்றி வீங்கியிருந்தது. வயதாகிறது, கவனம் போதவில்லை. போகிறவன் அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டாவது போயிருக்கலாம்.

இனி நீ எழுத வேண்டாம்.

அக்கா


ஜூலை 30

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு நாளாகப் போனில் கூப்பிட்டேன், இப்போது நீ எடுப்பதில்லை. நாளை காலை கீழே இறங்கும் லாரியில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், டிரைவர் உன் கையிலேயே தருவார். தயவுசெய்து கிழித்துப் போடாதே.

முதலில் விசாரணை. எல்லோரும் சிரித்தார்கள், அதனால்தான் யாரும் பேசவில்லை என்று நான் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தார். "ஐயா, சிரிச்சதை எப்படி எழுதுறது?" என்று கேட்டார். தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் அறையே சிரித்தது. நீயும் சிரித்தாய் அக்கா. நான் லெவலைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதற்கு மட்டும் ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவருக்கு உதவுகிறேன் என்று போய் அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு வந்தேன்.

அது போகட்டும், நான் எழுத வந்தது வேறு.

நான் வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் ஒரு பக்கம் இருக்க, மேஜைமேல் ஊற்றினாள். என் பேண்ட் நனைந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. துடைத்துக்கொண்டே சிரித்து மழுப்பினாள். நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள்.

"இடது கண்ணு சுத்தமாத் தெரியலடா. வலதுலயும் ஓரமெல்லாம் இருட்டா இருக்கு."

"எத்தனை நாளா? அக்காகிட்ட சொன்னியா?"

"அவகிட்ட எப்படிடா சொல்றது? போன தடவை முட்டி வலிக்குதுன்னேன். 'சரிம்மா, அதுக்கு என்ன பண்ணலாம்னு யோசிச்சியா'ன்னு கேட்டா. நான் என்னத்த யோசிக்கிறது? எழுந்து சமையக்கட்டுக்குப் போயிட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை அக்கா. உன்மேல் கோபமாகவும் சொல்லவில்லை. பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை, நாம வேற பாரமா என்றாள். உடனே டாக்டரிடம் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். நீ வரும் நேரம், உனக்குத் தெரிந்துவிடும் என்று மறுத்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மாவோடு போய்க்கொள்கிறேன், உன்னிடம் நான் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். தினமும் போன் செய்து கேட்கிறேன். நாளைக்கு, நாளைக்கு என்கிறாள். லெவலும் இப்படித்தான் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று இருந்திருப்பார் என்று தோன்றியது. சத்தியத்தை உடைத்துவிட்டேன்.

அன்றைக்கு அவள் கதவில் இடித்துக்கொண்டது கவனம் போதாமல் இல்லை. அவளை இன்றைக்கே கூட்டிப் போ. என்ன பண்ணலாம் என்று அவளிடம் கேட்காதே.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பி,

லாரி டிரைவர் கடிதத்தைக் கொடுத்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். அப்படியே எழுந்து வீட்டுக்குப் போனேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இடது கண் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சொட்டு மருந்தே போதுமாம். வலது கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்கிறார் டாக்டர். ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள், ஒன்றும் கவனிக்கவில்லையா என்று என்னைக் கேட்டார். அவங்க சொல்லவே இல்லை டாக்டர் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் இதே வார்த்தையை இதே குரலில் விசாரணையில் சொன்னது ஞாபகம் வந்தது. உட்கார நாற்காலி தேடினேன்.

ரேடியோவைப் பற்றி உனக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். நீ படித்திருப்பாய். எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். என் சைட்டில் யாரும் வாய் திறக்க முடியாமல் வைத்திருந்தது நான்தான், சர்வேயர்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை, அறிக்கையைத் திருத்துங்கள் என்றேன். அவர் என்னை மரியாதையாக உட்கார வைத்தார். சங்கத்தில் என் பேச்சை முன்வரிசையில் இருந்து கேட்டவர். "மூடின ஃபைலை ஏன் மேடம் கிளறுறீங்க? பிரச்சினையோட வந்திருக்கீங்க, சரி. தீர்வு என்னன்னு யோசிச்சீங்களா?" என்றார். என்னைப் பாராட்டுவதாக நினைத்து அவரே சிரித்தும்கொண்டார். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். படிக்க மாட்டார்.

அங்கிருந்து நேராக லெவல் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருப்பதாக அவர் மனைவி சொன்னார். விசாரணையன்று அவர் போட்டிருந்த செருப்பு வாசலிலேயே கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அந்தப் பெண்ணும் பார்த்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். தச்சர் வீட்டுக்குப் போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஹெல்மெட்டை அலமாரியிலிருந்து எடுத்து எறிந்துவிட்டேன். இந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில், இனி அந்தச் சட்டம் கிடையாது, என்ன குறை இருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள், பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றேன். கெஞ்சாத குறையாகச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் என்ன வில்லங்கம் இருக்கிறதோ என்று பயந்த மாதிரி இருந்தது. பிறகு வரிசையாக ஒவ்வொருவரும், எல்லாம் நல்லாப் போகுது மேடம் என்றார்கள். நான் காலணியை மாட்டிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

நேற்று அம்மாவுக்கு மருந்து விடும்போது கேட்டேன். "வேற எங்கயாவது வலிக்குதாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

எழுந்து நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். நான் பார்த்தால் கையை எடுத்துவிடுகிறாள்.

லீவு போட்டுவிட்டு ஒருமுறை வா. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வா. அவளுக்கு என்ன செய்கிறது என்று நீ கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்கு எழுது.

அக்கா